இருவர், ஒரு பியானோ: எங்கள் முதல் தமிழ் ஜாஸ் பாப் ஆல்பத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்பம் வெளிவந்து சில மாதங்கள் ஆகின்றன. ஒன்பது பாட்டு, 38 நிமிடம். பாடுவதும் வரிகள் எழுதுவதும் நான். பியானோவும் மெட்டும் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட்டேன், அப்படியே நிலைத்துவிட்டது.

சிங்கப்பூரில் தேக்காச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கும்போதும், கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதும், நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும்போதும் ஒரே மாதிரிக் கேள்விகள்தாம் வருகின்றன. நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்வதில் எனக்குத் திருப்தி இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். சொந்தமாக ஆல்பம் செய்ய நினைக்கும் பிள்ளைகளும் நிறையக் கேட்கிறார்கள். அவர்களுக்கான பதில்களும் இதிலேயே இருக்கின்றன.

ஜாஸ் பாப் என்றால் என்ன?

ஜாஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடமிருந்து பிறந்த இசை. அதன் உயிர் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஊஞ்சல் போல ஆடும் தாளம். அதை 'ஸ்விங்' என்பார்கள். இரண்டாவது, மூன்று சுரத்தோடு நிற்காமல் நாலு, ஐந்து சுரத்தைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் கார்டுகள் (chords). மூன்றாவது, மேடையில் அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பது. நம் மனோதர்மம் மாதிரிதான்.

பாப் என்பது சின்னப் பாட்டு. பல்லவி மனசில் நிற்க வேண்டும், மூன்று நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஜாஸ் பாப். மெட்டை ஒரு முறை கேட்டாலே முணுமுணுக்கலாம். ஆனால் அடியில் ஓடும் கார்டுகள் நீங்கள் எதிர்பார்க்காத தெருவில் திரும்பும்.

தமிழில் இதற்கு முன் யாரும் செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1997இல் வந்த 'இருவர்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹரிணி பாடிய 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' ஜாஸ்தான். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் போகும் வழியை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். ஜாஸ் கார்டுகள் எத்தனையோ இடத்தில் எட்டிப் பார்க்கும். சினிமாவில் அது ஒரு காட்சிக்காக வரும், அடுத்த பாட்டில் வேறு உடை மாற்றிக்கொள்ளும். முழு ஆல்பமும் அதிலேயே வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

எந்த ராகம்?

இதைக் கேட்காத மாமி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஜாஸில் அடிக்கடி வரும் ஒரு நகர்வு இருக்கிறது. 'இரண்டு ஐந்து ஒன்று' என்பார்கள். சி கட்டையில் சொன்னால் டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். அண்ணன் இதை முதன்முதலில் வாசித்துக் காட்டியபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து சுருதிப்பெட்டியைப் போட்டு மெதுவாகப் பாடிப் பார்த்தேன். மூன்று கார்டுக்கும் சுரங்கள் அதே ஏழுதான். டி மேல் நின்று பாடினால் கரகரப்பிரியா. ஜி மேல் நின்றால் ஹரிகாம்போஜி. சி மேல் வந்து உட்கார்ந்தால் சங்கராபரணம். சங்கராபரணத்தின் ரியை சட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தைச் சட்ஜமாக்கினால் ஹரிகாம்போஜி என்று டீச்சர் கிரகபேதத்தில் சொல்லிக் கொடுத்தது அப்படியே கண் முன்னால் ஓடியது. நாம் கச்சேரியில் எப்போதாவது ஒரு முறை செய்து கைதட்டு வாங்கும் வித்தையை, ஜாஸ்காரர்கள் நான்கு நொடிக்கு ஒரு முறை செய்துகொண்டே போகிறார்கள்.

அன்று இரவே அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வாசஸ்பதி உனக்குத் தெரியுமாம்மா? பாடு" என்றார். பாடினேன். அந்தப் பக்கம் பியானோ மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜாஸில் 'லிடியன் டாமினன்ட்' என்று மெனக்கெட்டுப் படிக்கும் ஸ்கேல் நம் வாசஸ்பதிதான். கௌரிமனோகரியின் மத்தியமத்தைச் சட்ஜமாக்கினால் அது கிடைக்கும். ஆல்பத்தின் நான்காவது பாட்டு அந்த இரவில் பிறந்தது.

ஆனாலும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். நமக்குத் தம்புரா அசையாது, சட்ஜம் வீட்டுத் தூண் மாதிரி. ஜாஸில் தரையே நகரும். கமகமும் சிக்கல்தான். கல்யாணி மத்தியமத்தை நான் அசைத்துப் பாடினால் பியானோவின் அசையாத கட்டையோடு அது மோதும். பல வாரம் முட்டிக்கொண்ட பிறகு ஒரு வழி கண்டோம்: கார்டு மாறும் இடத்தில் சுரத்தை நேராக நிறுத்துவது, கார்டு நிற்கும் இடத்தில் மட்டும் அசைப்பது. தோடி காந்தாரத்தை எங்களால் எதனோடும் சேர்க்க முடியவில்லை. தொடாமல் விட்டுவிட்டோம்.

தமிழ் வரிகள் ஜாஸ் தாளத்தில் எப்படி உட்காருகின்றன? ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சுலபமாக இருந்திருக்காதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் செய்து நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

முதல் இரண்டு பாட்டை நாங்கள் தப்பான வழியில் செய்தோம். அண்ணன் மெட்டை 'லா லா' என்று அனுப்புவார். நான் பஸ்ஸில் உட்கார்ந்து அதற்கு வார்த்தை நிரப்புவேன். ஒரு வரியில் 'மனம்' என்ற சொல் நீளமான சுரத்தில் விழுந்தது. பாடிக் காட்டியதும் அம்மா அடுக்களையிலிருந்து, "மானமா, மனமா?" என்று கேட்டார். தமிழில் குறிலை இழுத்தால் வேறு சொல் ஆகிவிடும். விடு, வீடு ஆகும். படம், பாடம் ஆகும். கல், கால் ஆகும். ஆங்கிலத்தில் எந்த உயிரையும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், சொல் மாறாது. தமிழ் அந்த விஷயத்தில் கண்டிப்பு.

இது தடை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பள்ளியில் படித்த அசையை ஞாபகப்படுத்திக்கொண்டேன். ஸ்விங் தாளத்தில் ஒரு அடியை இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி குட்டை. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. வேகம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறையும். இப்போது 'வாசல்' என்று சொல்லிப் பாருங்கள். 'வா' நீளம், 'சல்' குட்டை. யாப்பில் இதைத் தேமா என்பார்கள். எதுவும் செய்யாமலே ஸ்விங் அடிக்கிறது. 'கதவு' சொல்லுங்கள். 'க', 'த' இரண்டும் ஓடிவந்து 'வு'வில் இறங்குகின்றன. அது அடியின் மேல் விழ விரும்பாது, அடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே புறப்படும். ஜாஸ் பாடகர்கள் வரியை அடிக்கு முன்னால் தொடங்குவதற்காக மெனக்கெடுகிறார்கள். நமக்கு அந்த மாதிரிச் சொற்கள் அகராதி முழுக்கக் கிடக்கின்றன. அதன் பிறகு மெட்டுக்கு வரி எழுதுவதை நிறுத்தினேன். வரியை முதலில் பேச்சாகச் சொல்லி, போனில் பதிவு செய்து அனுப்பினேன். என் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து அண்ணன் மெட்டை எடுத்தார். மீதி ஏழு பாட்டும் அப்படி வந்தவைதாம்.

இரண்டாவது விஷயம் குற்றியலுகரம். காற்று, நேற்று, பாட்டு, கிழக்கு. கடைசி 'உ'வுக்கு இலக்கணம் அரை மாத்திரைதான் தருகிறது. அதை நீட்டிப் பாடினால் காதுக்கு உடனே செயற்கையாகப் படும். அதனால் வரி முடிவில் 'நேற்று' வந்தால் 'நே'யை நான்கு அடிக்கும் பிடித்து வைத்துக்கொண்டு, பியானோ ஒலி மங்கும்போது 'ற்று' என்று மெல்ல வைத்துவிடுவேன். விளக்கை அணைப்பது மாதிரி. நீளமாக நிற்க வேண்டிய இடத்தில் வா, போ, கண்ணே மாதிரி நெடிலில் முடியும் சொற்களை வைத்தேன். 'நேரம்', 'தூரம்' என்று ம்-மில் முடிபவை மூடிய வாயோடு முனகுவதற்கு அருமையானவை. மூன்றாவது பாட்டின் கடைசி எட்டு வினாடி வெறும் 'ம்' தான்.

அப்புறம் வல்லின இரட்டிப்பு. பக்கத்து, தட்டு, அப்புறம், எட்டிப் பார்த்து. 'க்க'வுக்கு நடுவில் கண் சிமிட்டும் நேரம் ஒலி நின்றுபோகிறது, கவனித்தீர்களா? எங்களிடம் டிரம்ஸ் கிடையாது. அந்த நிற்கும் இடம்தான் எங்கள் டிரம்ஸ். ஆறாவது பாட்டில் வேண்டுமென்றே இரட்டிப்புச் சொற்களாகப் பொறுக்கி எழுதினேன். கேட்டவர்களில் இரண்டு பேர், "டிரம்ஸ் வாசித்தது யார்?" என்று கேட்டார்கள்.

ஒலிப்பதிவில் ஒரு சின்ன நன்மையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் 'ப' காற்றோடு வெடிக்கும், மைக்கில் 'டப்' என்று விழும். தமிழ் 'ப' அப்படி மூச்சை வெளியே தள்ளாது. அதனால் மைக்குக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்று பாட முடிந்தது. காதருகே சொல்வது போல இருக்கிறது என்று சிலர் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

ஆக, ஆங்கிலத்தில் சுலபமாக இருந்திருக்குமா என்றால், எனக்கு இருந்திருக்காது. நான் கோபப்படுவதும் கெஞ்சுவதும் தமிழில்தான்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

இரண்டும். 'வந்துவிட்டேன்' என்று பாடினால் மேடைப் பேச்சாகிவிடுகிற இடத்தில் 'வந்துட்டேன்'. நம் ஊர்ச் சொற்களையும் விடவில்லை. கோப்பிக் கடை, புளோக், வெள்ளி எல்லாம் வரிகளில் இருக்கின்றன. சென்னையிலிருந்து கேட்ட ஒருவர் 'அஞ்சு வெள்ளி' என்றால் ஐந்து வெள்ளிக்கிழமையா என்று கேட்டார். சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்போம் என்று விளக்கினேன். வரியை மாற்றவில்லை.

ஏன் இரண்டே பேர்?

முதல் காரணம் செலவு. நான்கு பேர் குழு என்றால் நான்கு பேருக்கும் சம்பளம், ஒத்திகைக்குப் பெரிய இடம், நான்கு பேருடைய ஓய்வு நாளும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் தொடங்கிய பிறகு அந்த அமைதி எங்களுக்குப் பிடித்துப்போனது. இருவர் மட்டும் என்றால் பியானோவின் இடது கை பேஸும் தாளமும் ஆகிறது, வலது கை என்னோடு பேசுகிறது. அண்ணன் ஒரு அடி விட்டால் அங்கே வெறுமை. அந்த வெறுமையில் நான் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அதைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று மிக்ஸிங் செய்தவரிடம் கேட்டுக்கொண்டோம்.

வீட்டிலேயே பதிவு செய்யலாமா?

குரலை மட்டும் என்றால் தாராளமாக. அங் மோ கியோவில் எங்கள் பதினோராம் மாடி வீட்டில் மாதிரிப் பதிவுகள் எல்லாம் என் புடவை அலமாரிக்கு முன்னால் எடுத்தவை. இரண்டு கதவையும் திறந்து வைத்து, அதற்கு முகம் காட்டிப் பாடினால் மடிப்புகள் எதிரொலியை நன்றாக உறிஞ்சும். ஆனால் அது கீச்சு ஒலிக்குத்தான். அடித்தொனிக்கு வேலைக்காகாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அதைப் புடவை தடுக்காது. கீழே போகும் லாரி உறுமுவது பதிவில் விழத்தான் செய்யும்.

மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். குளிர்பதனப் பெட்டியை நிறுத்தினால் அதன் மேல் கார் சாவியை வையுங்கள். சாவி எடுக்கப் போகும்போது பெட்டியைத் திரும்பப் போட ஞாபகம் வரும். புல் வெட்டும் மெஷின் வரும் நாளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10.30க்கு மேல் பாடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி நமக்காகப் பொறுத்துக்கொள்வது வேறு, நாம் அதைப் பயன்படுத்திக்கொள்வது வேறு.

பியானோவை எங்கே பதிவு செய்தீர்கள்? அதில்தான் சிக்கல் வந்தது என்று கேள்விப்பட்டோம்.

ஆமாம். ஸ்டூடியோவின் பெயர் வேண்டாம். பியானோவில் 88 கட்டைதான், ஆனால் உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பிகள். அவை அழுந்தி நிற்பது மரத்தால் ஆன ஒலிப்பலகை மேல். நம் ஊர் ஈரத்தில் மரம் ஊதும், ஒலிப்பலகை எழும்பும், கம்பி இறுகும், சுருதி ஏறும். குளிர்சாதனத்தைப் போட்டால் மரம் காய்ந்து சுருதி இறங்கும். முதல் நாள் காலையில் சுருதி சேர்த்தாயிற்று. பாடும்போது குளிர்சாதன இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று அதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் மறுபடி போட்டார்கள். மாலை நான்கு மணிக்கு ஏதோ சரியில்லை என்று என் காது சொன்னது. சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தால், காலையில் எடுத்ததற்கும் அப்போது எடுத்ததற்கும் ஒட்டவில்லை. நடுக் கட்டைகள் மட்டும் ஏறியிருந்தன. ஒரு நாள் வேலை முழுவதும் போயிற்று. பணமும்தான்.

இரண்டாம் முறை வேறு இடம். முந்தைய இரவிலிருந்தே அறையை ஒரே குளிரில் வைத்திருக்கச் சொன்னோம், பதிவு முடியும்வரை அதைத் தொடவில்லை. மெல்லிய இரைச்சல் ஒன்று பதிவில் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டோம். ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி இல்லாமல், ஒரு பாட்டுக்கு மூன்று டேக் என்று வைத்துக்கொண்டோம். மூன்றில் வரவில்லையா, கோப்பி குடித்துவிட்டு அடுத்த பாட்டு. இப்படி எடுத்தால் என் குரல் பியானோ மைக்கிலும் விழும், பிறகு தனியாகத் திருத்த முடியாது. அது தெரிந்தேதான் செய்தோம். தனித்தனியாக எடுத்தபோது இருவரும் சரியாகத்தான் இருந்தோம், ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்ட மாதிரி இல்லை.

சத்தம் ஏன் மற்ற பாட்டுகளைவிடக் குறைவாக இருக்கிறது?

வேண்டுமென்றே. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் 'லஃப்ஸ்' (LUFS) என்ற ஒலி அளவுகோலில் ஏறக்குறைய மைனஸ் 14க்குக் கொண்டுவந்துதான் சாதாரணமாக ஒலிக்கவிடுகிறது. அதைவிடச் சத்தமாகச் செய்து கொடுத்தாலும் குறைத்துவிடும். அதற்காகப் பாட்டை நசுக்கினால் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிடும். நான் கிசுகிசுக்கும் இடம் கிசுகிசுப்பாகவே இருக்கட்டும். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அரசாங்க உதவி கிடைக்குமா?

தேசிய கலைகள் மன்றம் பல மானியங்கள் தருகிறது. விண்ணப்பத்தை வேலை தொடங்கும் முன்பே போட வேண்டும், முடித்த பிறகு அல்ல. செலவில் ஒரு பகுதியைத்தான் தருவார்கள், மீதி உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு மானியத்தின் விதியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மன்றத்தின் பக்கத்தையே பாருங்கள். என் அனுபவத்தில் வரவு செலவுத் திட்டத்தை எழுதுவதுதான் பாதி வேலை. அந்தத் தாளை எழுதி முடித்தபோதுதான் எங்களுக்கே ஆல்பம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

உரிமை யாருக்கு? பதிவு செய்ய வேண்டுமா?

சிங்கப்பூரில் காப்புரிமைக்கு, அதாவது காப்பிரைட்டுக்கு, எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய அல்லது ஒலிப்பதிவு செய்த கணமே அது உங்களுடையது. ஆனால் ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வரியும் மெட்டும் சேர்ந்த 'படைப்பு' ஒன்று, அதைப் பாடிய 'ஒலிப்பதிவு' இன்னொன்று. படைப்பின் காலம் படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும்.

2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தில் ஒரு முக்கிய மாற்றம் உண்டு. பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவாக இருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அதைத் தயாரித்தவரே முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டூடியோவுக்குள் போகும் முன், பதிவு யாருக்குச் சொந்தம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நட்பு கெட்டுவிடுமோ என்று பயப்படாதீர்கள். எழுதாமல் விட்டுக் கெட்ட நட்புகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நானும் அண்ணனும்கூட எழுதினோம்: எல்லாப் பாட்டும் சரிபாதி, யார் எதைச் செய்திருந்தாலும்.

பாட்டு வானொலியிலோ கடையிலோ மேடையிலோ ஒலித்தால் அதற்கான பணத்தைத் திரட்டித் தருவது காம்பாஸ். 1987இல் தொடங்கிய அமைப்பு. இசையமைப்பவரும் வரி எழுதுபவரும் அதில் உறுப்பினராகச் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் தங்கள் பங்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இதைத் தள்ளிப்போட்டேன், நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய பாட்டை ஜாஸாக மாற்றி ஆல்பத்தில் போடலாமா?

சினிமாப் பாட்டு என்றால் உரிமம் வாங்க வேண்டும். வரியையோ மெட்டையோ மாற்றினால் உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி கேட்க வேண்டும். மேடையில் பாடுவதற்கான விதியும் பதிவு செய்து விற்பதற்கான விதியும் வேறு வேறு. பாரதியார் 1921இல் மறைந்தார், அவர் வரிகளுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அந்த வரிகளுக்கு வேறொருவர் போட்ட மெட்டுக்கு உரிமை இருக்கலாம். எங்கள் ஒன்பதில் ஒன்று பாரதி வரி, மெட்டு அண்ணனுடையது.

ஸ்பாட்டிஃபையில் எவ்வளவு கிடைக்கும்?

அதை நம்பி வேலையை விடாதீர்கள். ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. எங்கள் ஒன்பதில் சில அந்த எண்ணைத் தாண்டின, சில தாண்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏழாவது பாட்டு தாண்டாதவற்றில் ஒன்று. அதைக் கேளுங்கள்.

வெளியிடும் நாள் பொதுவாக வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க 2015 முதல் அதுதான் வழக்கம். பிளேலிஸ்டுக்குப் பரிந்துரை கேட்பதாக இருந்தால் குறைந்தது ஏழு நாள் முன்னாலேயே பாட்டு ஸ்பாட்டிஃபையிடம் இருக்க வேண்டும். நாங்கள் நான்கு வாரம் கொடுத்தோம்.

இன்னொன்று. பெயரைத் தமிழில் ஏற்றும்போது ஒவ்வொரு எழுத்தையும் போனிலும் கணினியிலும் சரிபாருங்கள். எங்கள் ஒரு பாட்டின் தலைப்பில் கொம்பு இடம் மாறி, இரண்டு நாள் வேறு ஒரு சொல்லாக இருந்தது. ஆங்கில எழுத்தில் போட்டுவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். தமிழ்ப் பாட்டைத் தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

சிடி இருக்கிறதா?

கொஞ்சம் போட்டோம், பெரியவர்களுக்காக. வரிப் புத்தகத்தோடு. விற்பனைக்கு எதையாவது வெளியிட்டால் தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். கொடுத்தோம். இந்த ஊரின் நூலகத்தில் நம் குரல் இருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு விம்முகிறது.

எங்கே நேரில் கேட்கலாம்? நாங்களும் எங்கே பாடலாம்?

எஸ்பிளனேட் கலை அரங்கில் 2002 முதல் கட்டணமில்லாத நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கடலோர வெளிமேடையில் யாரும் வந்து உட்காரலாம். நவம்பரில் அங்கே கலா உற்சவம், ஏப்ரலில் தீவு முழுக்கத் தமிழ்மொழி விழா. இரண்டும் தமிழில் புதிதாக ஏதாவது செய்பவர்களுக்கு நல்ல வாசல்கள். சமூக மன்றங்களை லேசாக நினைக்காதீர்கள். எங்கள் முதல் ரசிகர்கள் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா பாட்டிகள்தாம். தெருவில் வாசிக்க வேண்டுமென்றால் கலைகள் மன்றத்தின் குரல்தேர்வில் தேறி அனுமதி வாங்க வேண்டும். ஒலி 96.8 வானொலிக்கு உள்ளூர்ப் பாட்டை அனுப்பிப் பாருங்கள். காரில் போகும்போது நம் பாட்டு வந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

ஜாஸைக் கற்றுக்கொள்ள நம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். பியானோ மேதை ஜெரமி மொண்டேரோ 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 2016இல் தொடங்கிய சிங்கப்பூர் ஜாஸ் சங்கமும் இளையர்களுக்குப் பயிற்சி தருகிறது.

என் மகள் கர்நாடக இசை படிக்கிறாள். ஜாஸ் பாடினால் குரல் கெட்டுவிடுமா?

கெடாது அக்கா. என் டீச்சரிடம் இதைச் சொல்லத்தான் நான் ஆறு மாதம் பயந்தேன். கடைசியில் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பஞ்சமம் சேர்ந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் போதும்.

இந்த வழியில் பெரியவர்கள் முன்பே நடந்திருக்கிறார்கள். 1970களில் ஜான் மெக்லாஃப்லின் தொடங்கிய 'சக்தி' குழுவில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விநாயக்ராம் கடம். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2024இல் அதே குழு கிராமி விருது வாங்கியபோது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் இருந்தார். இவர்கள் யாரும் அடிப்படையை விட்டுவிட்டுப் போகவில்லை. உங்கள் மகள் வர்ணத்தை மூன்று காலத்திலும் பாடட்டும். அப்புறம் ஒரு நாள் பியானோ பக்கத்தில் நிற்க விடுங்கள்.

கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு பறவைச் சத்தம் கேட்கிறதே, வேண்டுமென்றே போட்டதா?

இல்லை. அந்த ஒரு பாட்டு மட்டும் ஸ்டூடியோ இல்லை. எங்கள் வீட்டில், அண்ணன் கொண்டுவந்த மின்பியானோவில், விடியற்காலை ஆறு மணிக்கு முன் எடுத்த மாதிரிப் பதிவு. இரண்டாம் சரணம் முடிந்து நான் மூச்சு எடுக்கும்போது கீழே மரத்திலிருந்து ஆண் குயில் ஆரம்பித்தது. இந்த ஊரில் அதன் குரல் தெரியாதவர் யார்? ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி மேலே போகும், உச்சியில் சட்டென்று நின்றுவிடும். நான் பாட வேண்டிய இடம் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பாடாதே என்று. இடது கையை மட்டும் ஓட்டிக்கொண்டு, குயில் ஏற ஏற வலது கையில் ஒவ்வொரு கார்டாக அவரும் ஏறினார். அது நின்ற இடத்தில் அவரும் நின்றார். அதன் பிறகுதான் நான் பல்லவியை எடுத்தேன்.

ஸ்டூடியோவில் அந்தப் பாட்டையும் மூன்று முறை எடுத்துப் பார்த்தோம். மூன்றும் சுத்தமாக வந்தன. ஆல்பத்தில் போட்டது வீட்டில் எடுத்ததை.